சினைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ஏற்பி வரிகளைப் படிப்பது எப்படி

புற்றுநோய்த் திசுக்களைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இம்யூனோ ஸ்டெயினிங் என் வேலை. கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவோம். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை அதன் மேல் விடுவோம். அந்தப் புரதம் இருக்கிற இடம் பழுப்பாகும், மற்ற இடமெல்லாம் வெளிறிய நீலமாக நிற்கும். அதை நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவதுதான் உங்கள் ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் 'இ.ஆர்: பாசிட்டிவ், 80%', 'ஹெர்2: 2+', 'எஃப்.ஓ.எல்.ஆர்.1: 85%' என்று வருகிறது. இவை ஏற்பிகளின் (ரிசெப்டர்) பெயர்கள். செல்லுக்கு வரும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர்.

இந்த வரிகளை வைத்துக்கொண்டு எங்கள் கவுன்டரில் வந்து நிற்பவர்கள் இரண்டு விதமாகப் பயப்படுகிறார்கள். பாசிட்டிவ் என்று இருந்தால் நோய் கடுமையானது என்று சிலர். நெகட்டிவ் என்று இருந்தால் இனி மருந்தே கிடையாது என்று வேறு சிலர். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒவ்வோர் ஏற்பியிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது இருக்கிறதா? நோயை நடத்துவது அதுதானா? அதை வைத்து ஒரு மருந்தால் ஏதாவது செய்ய முடியுமா? எங்கள் ஸ்லைடு பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும். மற்ற இரண்டுக்கும் பதில் வேறு இடத்தில் இருக்கிறது.

ஏற்பிக்கு முன்னால் வகை

ரிப்போர்ட்டை எடுத்ததும் நேராக ஏற்பி வரிக்குத் தாவ வேண்டாம். 'டயக்னோசிஸ்' என்ற தலைப்பில் கட்டியின் வகை எழுதியிருக்கும், அதை முதலில் படியுங்கள். ஹை கிரேடு சீரஸ், லோ கிரேடு சீரஸ், மியூசினஸ், கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு என்று வரும். எல்லாவற்றையும் சேர்த்துச் சினைப்பைப் புற்றுநோய் என்று சொன்னாலும் இவை தனித்தனி நோய்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஏற்பி வரிக்கு ஒவ்வொரு வகையிலும் ஒவ்வொரு பொருள்.

அதிகமாக வருவது ஹை கிரேடு சீரஸ். பெயர் சினைப்பை என்றாலும் இது பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது. 2011-இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் இந்த வகைக் கட்டிகள் 489-ஐ ஆராய்ந்து வெளியிட்டது. ஏறத்தாழ எல்லாவற்றிலும், அதாவது 96 சதவீதத்தில், டி.பி.53 என்ற மரபணு கெட்டிருந்தது. பாதிக் கட்டிகளில் டி.என்.ஏ. முறிவைச் சரிசெய்யும் முறையில் கோளாறு. நுரையீரல் புற்றுநோயில் சிலருக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி ஏற்பியே மரபணு மாற்றத்தால் கோளாறாகி நோயைக் கிளப்புவது போல இங்கே நடப்பது அபூர்வம். மேலே போவதற்குள் இதை மனதில் வையுங்கள். இந்த நோயின் வேர் டி.என்.ஏ. குழப்பத்தில் இருக்கிறது. வளர்ச்சி ஏற்பிகள் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன. சேர்ந்துகொண்டவை செய்யும் வேலை சின்னதல்ல, அது வேறு விஷயம்.

ஏற்பி என்ன செய்கிறது

வளர்ச்சி ஏற்பி என்பது செல்லின் சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் ஒரு புரதம். ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. வெளி முனையில் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் பக்கத்தில் இருக்கும் இன்னோர் ஏற்பியோடு அது ஜோடி சேரும். ஜோடி சேர்ந்ததும் உள் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டும். அங்கிருந்து செய்தி இரண்டு முக்கியப் பாதைகளில் இறங்குகிறது. ராஸ், ராஃப், மெக், எர்க் என்று போகும் பாதை செல்லைப் பிரியச் சொல்கிறது. பி.ஐ.3.கே., ஏ.கே.டி. என்று போகும் பாதை சாகாமல் இருக்கச் சொல்கிறது. முதல் வளர்ச்சிக் காரணிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கோஹன். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது அவை வழக்கத்துக்கு முன்னதாகவே கண் திறந்தன. அந்த நூலைப் பிடித்துப் போனவருக்கு, ரீட்டா லெவி-மொந்தால்சினியோடு சேர்த்து, 1986-இல் நோபல் கிடைத்தது.

வளர்ச்சி ஏற்பிகளில் ஹெர் என்று ஒரு குடும்பம், அதில் நாலு பேர். ஹெர்1 என்பதுதான் இ.ஜி.எஃப்.ஆர். ஹெர்2 விசித்திரமானது, அதற்கென்று வளர்ச்சிக் காரணி எதுவும் இல்லை. எப்போதும் ஜோடி சேரத் தயாராக நிற்கும். ஹெர்3-க்கோ உள்முனையில் சொந்தமாக வலு குறைவு. ஆனால் ஹெர்2-வும் ஹெர்3-யும் சேர்ந்தால் குடும்பத்திலேயே பலமான ஜோடி அதுதான். அதனால் 'ஹெர்2 மட்டும் எவ்வளவு இருக்கிறது' என்ற எண் முழுக் கதையையும் சொல்லாது. யாரோடு ஜோடி சேர்கிறது என்பதைச் சாதாரண ஸ்லைடில் பார்க்க முடியாது.

சரி, இதெல்லாம் சினைப்பைப் புற்றுநோயை எப்படி முன்னேற்றுகிறது? மற்றப் பல புற்றுநோய்கள் இரத்தம் வழியாகப் பரவுகின்றன. இது பெரும்பாலும் வயிற்றறைக்குள்ளேயே உதிர்ந்து பரவுகிறது. செல்கள் மூலக்கட்டியிலிருந்து கழன்று, சிறு சிறு கொத்துகளாக வயிற்று நீரில் மிதக்கின்றன. சாதாரணமாக ஒரு செல் தன் இடத்தை விட்டுக் கழன்றால் தானாகவே செத்துவிடும். இங்கே சாகாமல் இருக்க வைப்பது மேலே சொன்ன ஏ.கே.டி. பாதை. செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் ஈ-கேடெரின் என்ற புரதத்தை இ.ஜி.எஃப்.ஆர். செய்தி குறைக்கிறது, அதனால் செல்கள் கழன்று நகர்வது சுலபமாகிறது. அந்த வயிற்று நீரே வளர்ச்சிக் காரணிகள் நிறைந்த நீர். அதில் எல்.பி.ஏ. என்ற கொழுப்புப் பொருளும் உண்டு, அதற்கும் இந்தச் செல்களில் தனி ஏற்பிகள் இருக்கின்றன. மிதந்து போகும் கொத்துகள் கடைசியில் வயிற்றறைச் சவ்விலும், குடலின் முன்னால் தொங்கும் ஒமென்டம் என்ற கொழுப்புப் படலத்திலும் போய் ஒட்டுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எங்களுக்கு வரும் ஒமென்டத்தைத் தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டிய கொழுப்பு சில சமயம் பலகை போலக் கெட்டித்திருக்கும். வெட்டினால் மஞ்சளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கட்டி. ஒமென்டத்தின் கொழுப்புச் செல்கள் தரும் கொழுப்பு அமிலத்தை எரிபொருளாக்கிக்கொண்டு அவை அங்கே வளர்கின்றன.

இருக்கிறது, ஆனால் நடத்துகிறதா?

இரண்டாவது கேள்விதான் மருத்துவ உலகத்தையே நீண்ட நாள் ஏமாற்றியது. 1989-இல் டென்னிஸ் ஸ்லேமன் குழு மார்பகத்தோடு சினைப்பைக் கட்டிகளிலும் ஹெர்2 மிகையாக இருப்பதைக் காட்டியது. ஹெர்2-வை அடைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து மார்பகத்தில் நன்றாக வேலை செய்யவே, இங்கேயும் செய்யும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2003-இல் வெளியான ஆய்வில் 837 பேரின் கட்டிகளைச் சோதித்தார்கள். ஹெர்2 2+ அல்லது 3+ (பழுப்பின் அடர்த்திக்கான மதிப்பெண், 3+ உச்சம்) இருந்தவர்கள் 95 பேர்தான். மருந்து கொடுத்த 41 பேரில் கட்டி சுருங்கியது 7.3 சதவீதத்தினருக்கு. இ.ஜி.எஃப்.ஆர்.-ஐ அடைக்கும் எர்லோடினிபை 835 பெண்களை வைத்துச் சோதித்த பெரிய ஆய்வு 2014-இல் வெளியானது. கீமோவுக்குப் பிறகு தொடர்ந்து கொடுத்துப் பார்த்தும் நோய் திரும்பும் காலம் தள்ளிப்போகவில்லை.

காரணம் பாதைகளில் இருக்கிறது. ஓர் ஏற்பியை அடைத்தால் ஹெர்3, மெட், ஆக்ஸல் போன்ற வேறு ஏற்பி அதே கீழ்ப்பாதைக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடுகிறது. கீழ்ப்பாதையே கெட்டிருந்தால் மேலே அடைத்து என்ன பயன்? லோ கிரேடு சீரஸில் கே.ராஸ், பி.ராஃப் மரபணுக்கள் மாறியிருப்பது அடிக்கடி காண்பது. அங்கே ஏற்பி சொல்லாமலேயே உள்ளே செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வகைக்கு வழி கீழ்ப்பாதையில்தான். மெக்கை அடைக்கும் டிராமெடினிப், 2022-இல் வெளியான ஆய்வில், நோய் முன்னேறாத காலத்தை 7.2 மாதத்திலிருந்து 13 மாதமாக்கியது. கே.ராஸ் மாற்றம் உள்ள, திரும்பி வந்த லோ கிரேடு சீரஸுக்கு அவுடோமெடினிப், டெஃபாக்டினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது. ஆகவே உங்கள் ரிப்போர்ட் லோ கிரேடு சீரஸ் என்றால், ஏற்பி வரியைவிட மரபணுச் சோதனை முடிவுக்கு நீங்கள் அதிகம் காத்திருக்க வேண்டும்.

இ.ஆர். என்ற ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் இதே பாடம்தான். அது உட்கருவுக்குள் இருக்கும், ஆகவே ஸ்லைடில் உட்கரு பழுப்பாக வேண்டும். ஹை கிரேடு, லோ கிரேடு இரண்டு சீரஸிலும் இ.ஆர். பாசிட்டிவ் சாதாரணம். ஆனால் லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைக்கு நல்ல இடம் லோ கிரேடில் இருக்கிறது. ஹை கிரேடில் 80 சதவீதம் என்று பெரிய எண் வந்தாலும் அந்த மாத்திரையால் கிடைக்கும் பலன் சுமார்தான். மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட் படித்துப் பழகியவர்கள் இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள்.

ஏற்பியை விலாசமாகப் பயன்படுத்தும் மருந்துகள்

மூன்றாவது கேள்வியில் நிலைமை மாறிவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். ஏற்பியை அடைப்பதை விட்டுவிட்டு, அதை வெறும் விலாசமாக எடுத்துக்கொண்டார்கள். ஆன்டிபாடியின் முதுகில் கீமோ மருந்தைக் கட்டி அனுப்பினால், அது ஏற்பியில் போய் ஒட்டும். செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், மருந்து உள்ளே அவிழும். அந்த ஏற்பி நோயை நடத்துகிறதா இல்லையா என்ற கவலையே இல்லை. நிறைய இருந்தால் போதும்.

எஃப்.ஓ.எல்.ஆர்.1 என்று ரிப்போர்ட்டில் வரும் ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா இதற்கு நல்ல உதாரணம். கண்டிப்பாகச் சொன்னால் அது வளர்ச்சி ஏற்பி அல்ல, ஃபோலேட் என்ற பி வைட்டமினை உள்ளே இழுக்கும் ஏற்பி. அதன் மேல் ஒட்டும் மிர்வெடுக்ஸிமாப் சொராவ்டான்சின், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் கீமோவுக்கு அடங்காமல் போன நோயில் 453 பேரை வைத்துச் சோதிக்கப்பட்டது. சாதாரண கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 12.75 மாதம், இந்த மருந்து எடுத்தவர்களுக்கு 16.46 மாதம். 2024 மார்ச்சில் எஃப்.டி.ஏ. முழு அனுமதி கொடுத்தது. ஹெர்2-வுக்கு டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான். 3+ உள்ள எந்த உறுப்பின் திடக்கட்டியாக இருந்தாலும், முன்பு சிகிச்சை எடுத்து வேறு நல்ல வழி இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரலில் அனுமதி வந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் சினைப்பைப் புற்றுநோய் உள்ள 40 பேர் இருந்தார்கள். அவர்களில் 45 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. பழைய 7.3 சதவீதத்தோடு இதை வைத்துப் பாருங்கள். ஏற்பி அதே ஹெர்2, பயன்படுத்தும் விதம்தான் வேறு.

மருந்து பேச்சு வந்தால் கூடவே இரண்டு எச்சரிக்கை. ஃபோலேட் ஏற்பி மருந்தான மிர்வெடுக்ஸிமாப் கண்ணின் கருவிழியைத் தொந்தரவு செய்யும், ஆகவே தொடங்கும் முன்பே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சொட்டு மருந்தைத் தவறாமல் விட வேண்டும். ஹெர்2 மருந்தில் நுரையீரல் அழற்சி வரலாம். புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் உடனே தகவல் சொல்லுங்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது

இது என் இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எண்ணுக்கு முன்னால் பழுப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹெர்2-வும் ஃபோலேட் ஏற்பியும் சவ்வில் இருப்பவை. செல்லின் ஓரத்தில் கோடு போட்டது போலப் பழுப்பு வந்தால்தான் கணக்கு. உள்ளே மங்கலாகப் பரவிய பழுப்பு கணக்கில் வராது. 'மெம்பிரேனஸ்' என்ற சொல் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்புறம் ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு அளவுகள் கலந்திருக்கும். எவ்வளவு அடர்த்தி என்பது ஒன்று, அதற்கு 0, 1+, 2+, 3+. எத்தனை சதவீதச் செல்களில் என்பது இன்னொன்று. ஃபோலேட் ஏற்பிக்கு விதி என்னவென்றால், கட்டிச் செல்களில் குறைந்தது 75 சதவீதத்தில் சவ்வு 2+ அல்லது 3+ அடர்த்தியில் இருக்க வேண்டும். 90 சதவீதச் செல்கள் பழுப்பாகி, எல்லாமே 1+ என்றால் அது நெகட்டிவ்தான். 'தொண்ணூறு என்று போட்டிருக்கிறதே' என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. எண்ணும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மருந்தின் கதையே சாட்சி. முந்தைய பெரிய ஆய்வில் அடர்த்தியைப் பிரிக்காமல், குறைந்த உருப்பெருக்கத்தில் சவ்வு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சேர்த்தார்கள். ஏற்பி குறைவாக இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். 2019-இல் அந்த ஆய்வு தோற்றது. அடர்த்தியையும் சேர்த்து எண்ணும் முறைக்குத் திரும்பிய பிறகுதான் மருந்து ஜெயித்தது.

ஹெர்2-வில் எந்த உறுப்பின் விதிப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். மார்பக விதியில் 3+ சொல்ல, 10 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சவ்வு முழுச் சுற்றும் அடர்த்தியாக இருக்க வேண்டும். இரைப்பை விதியில் பக்கவாட்டில் மட்டும் பழுப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். டெருக்ஸ்டெகான் ஆய்வில் பயன்படுத்தியது இரைப்பை விதி. சுரப்பி வடிவில் வளரும் சினைப்பைக் கட்டிகளில், முக்கியமாக மியூசினஸில், செல்லின் மேல்பக்கம் வெறுமையாக இருப்பது சகஜம். மார்பக விதியால் எண்ணினால் மதிப்பெண் இறங்கிவிடக்கூடும். மியூசினஸில்தான் ஹெர்2 மிகை அதிகம் என்பதால் அங்கே இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல.

எண்ணைப் பாதிக்கும் இன்னொன்று திசு எப்படிக் கையாளப்பட்டது என்பது. வெட்டி எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். பெரிய கட்டியை வெட்டாமல் அப்படியே டப்பாவில் போட்டால் ஃபார்மலின் நடுப்பகுதிக்கு எட்டாது. ஸ்லைடில் ஓரம் பழுப்பாகவும் நடு வெளிறியும் வந்தால் எனக்கு முதல் சந்தேகம் அதில்தான். ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் என்று தெரிந்த ஒரு திசுவையும் கூடவே ஓட்டுவோம். ஃபோலேட் ஏற்பிக்கு நோயில்லாத கருக்குழாய்த் திசு அதற்கு ஏற்றது, அதன் உட்படலச் செல்களின் மேல் விளிம்பு அழகாகப் பழுப்பாகும். அது பழுப்பாகவில்லை என்றால் அன்றைய ஸ்லைடு முழுக்கக் குப்பைக்குத்தான். ரிப்போர்ட்டில் 'கன்ட்ரோல் திருப்தி' என்று ஒரு வரி இருந்தால் அதன் பொருள் இதுதான்.

ரிப்போர்ட்டில் வராத ஏற்பி

பெவாசிசுமாப் கொடுக்கப் போகிறோம் என்று மருத்துவர் சொன்னதும், அதற்கான ஏற்பி வரி எங்கே என்று தேடுவார்கள். இருக்காது. அந்த மருந்து வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியையே பிடித்துக்கொள்கிறது. அது போய்ச் சேர வேண்டிய முக்கிய ஏற்பி இரத்தக் குழாய்ச் செல்களில் இருக்கிறது. கட்டியைச் சாயம் ஏற்றிப் பார்த்து யாருக்குப் பலிக்கும் என்று சொல்ல நடைமுறையில் ஒரு சோதனை இல்லை. ஹரோல்ட் டிவோராக் குழு 1983-இல் இந்தப் பொருளை முதலில் கண்டது, குழாய்களைக் கசியவைக்கும் பொருளாகத்தான். வயிற்றில் நீர் கோப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, ஆகவே நீர் அதிகமுள்ளவர்களிடம் இந்த மருந்தைப் பற்றி மருத்துவர் பேசுவதில் வியப்பில்லை. 1,873 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், கீமோவோடு சேர்த்து அதற்குப் பிறகும் தொடர்ந்தபோது நோய் முன்னேறாத காலம் 10.3 மாதத்திலிருந்து 14.1 மாதமானது. காயம் ஆறுவதை இது தாமதப்படுத்தும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் அடிக்கடி பார்ப்பார்கள்.

ஏற்பிகளைப் பற்றிச் செய்தியில் வரும் ஆய்வுகளையும் இதே மூன்று கேள்விகளால் சலித்துப் பார்க்கலாம். 'இந்த ஏற்பியை அடைத்ததும் சினைப்பைப் புற்றுநோய்ச் செல்கள் செத்தன' என்று படித்தால், எந்தச் செல்கள் என்று தேடுங்கள். எஸ்.கே.ஓ.வி.3 என்ற செல் வரிசைதான் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்து வரும் செல்கள்) பாதி இடத்தில் வரும் என்று தோன்றும். அதில் ஹெர்2 மரபணு பெருகிக் கிடக்கிறது. 2013-இல் 47 செல் வரிசைகளை நிஜக் கட்டிகளோடு ஒப்பிட்டபோது, ஹை கிரேடு சீரஸுக்கு அது மோசமான பிரதிநிதி என்று தெரிந்தது. ஹெர்2 மருந்து அதன் மேல் வேலை செய்வதை வைத்து உங்கள் கட்டியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இனி மருத்துவரிடம் போகும்போது. ஏற்பி வரிகளே ரிப்போர்ட்டில் இல்லை என்றால் சோதனை செய்யவில்லை என்றுதான் பொருள், நெகட்டிவ் என்று அல்ல. நோய் திரும்பி வந்திருந்தால் எஃப்.ஓ.எல்.ஆர்.1, ஹெர்2 இரண்டையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பெரும்பாலும் புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை, முதல் அறுவை சிகிச்சையின் மெழுகு பிளாக்கே போதும். கட்டிச் செல் அதிகமுள்ள பிளாக்கைத் தரச் சொல்லுங்கள். கீமோவுக்குப் பிறகு எடுத்த திசுவில் சில சமயம் எண்ணுவதற்கே செல் தேறாது. வேறு கூடத்துக்கு அனுப்புவதாக இருந்தால், சீவி வைத்த பழைய ஸ்லைடைவிடப் பிளாக்கை அனுப்புவது நல்லது. சீவிய திசுவில் நாளாக நாளாகப் புரதம் மங்கும். பிளாக்கின் எண் ரிப்போர்ட்டில் மாதிரி விவரத்தோடு, 'ஏ4', 'பி2' என்பது போல எழுதியிருக்கும். அதையும் பயாப்சி எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோனால், எங்களைப் போன்றவர்கள் அதை அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுவோம்.